'ஐ நோ' 26 தடவை: பில் விதர்ஸின் முதல் ஆல்பம்

வாசகர் கேள்வி, 3 மார்ச் 2024

அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸின் முதல் ஆல்பம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' பற்றி எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்கள். அதில் ஊருக்கே தெரிந்த பாட்டு 'எய்ன்ட் நோ சன்ஷைன்'. மொத்தப் பாட்டே இரண்டு நிமிடம் சொச்சம்தான். அதற்குள்ளும் நடுவில் 'ஐ நோ, ஐ நோ' என்று ஒரே பேச்சைப் போட்டு அரைத்துக்கொண்டிருக்கிறார். வரி எழுதச் சோம்பல்பட்டவரை எதற்கு இப்படிக் கொண்டாட வேண்டும்?

3 மார்ச், இரவு 9.50

சோம்பலா? இந்த ஒரு சொல்லுக்காகவே பதில் எழுத உட்கார்ந்தேன். அந்த இடத்தை ஹெட்போன் போட்டு இன்னொரு தடவை கேளுங்கள். கிட்டார் ஒதுங்கிவிடும், வயலின்கள் ஒதுங்கிவிடும், டிரம்ஸ் மட்டும் பின்னால் நடந்துகொண்டிருக்கும். அதன் மேல் ஒரு குரல், எங்கே மூச்சு வாங்குகிறது என்றே தெரியாமல். அந்தப் பெண்ணை விட்டுவிட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். தெரியும், தெரியும் என்பதைத் தாண்டி வாய்தான் நகரமாட்டேன் என்கிறது. இதெல்லாம் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த வேலை. ஒவ்வொரு 'ஐ நோ'வும் கணக்குப் பார்த்து வைத்தது.

4 மார்ச், காலை 7.15

நேற்றைய கடைசி இரண்டு வரியையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். படுத்த பிறகுதான் உறைத்தது. திட்டமும் இல்லை, கணக்கும் இல்லை. அந்த இடத்துக்கு வேறு வரிகள் எழுதுவதாகத்தான் விதர்ஸ் நினைத்திருந்தார். அதுவரை இடம் நிரம்பட்டும் என்று 'ஐ நோ' பாடி வைத்தார். ஸ்டுடியோவில் இருந்தவர்கள், அப்படியே இருக்கட்டும், கை வைக்காதே என்றார்கள். அவர்கள் பேர் பெற்றவர்கள், நானோ ஃபேக்டரி ஆள், சொன்னபடி விட்டுவிட்டேன் என்கிற மாதிரி அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, கேள்வி கேட்டவர் பாதி சரி. அங்கே வரி இல்லைதான். சோம்பல் என்பதை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

4 மார்ச், மதியம் 1.30

'ஸ்டுடியோவில் இருந்தவர்கள்' என்றால் யார் என்று ஒருவர் கேட்கிறார். தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ். மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் கம்பெனியில் ஆர்கன் வாசித்துப் பேர் வாங்கியவர். அப்போது அங்கிருந்து விலகி கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்தார். பேஸ் கிட்டார் டொனால்ட் 'டக்' டன், டிரம்ஸ் அல் ஜாக்சன் ஜூனியர். இரண்டு பேரும் புக்கரின் பழைய குழு, பாடகர் ஓட்டிஸ் ரெடிங்குக்கு வாசித்த கைகள். கிட்டாருக்கு ஸ்டீபன் ஸ்டில்ஸ். ஸ்டில்ஸோடு சேர்ந்து பாடுகிற கிரஹாம் நாஷ் வேறு வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டு, நீ எவ்வளவு நன்றாகப் பாடுகிறாய் என்று உனக்கே தெரியவில்லை என்று தைரியம் சொன்னாராம்.

இத்தனை பேருக்கு நடுவில் 32 வயது ஆள் ஒருவர். மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். கடற்படையில் 9 வருஷம். அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பர்பேங்கில் வெபர் ஏர்கிராஃப்ட் என்ற ஃபேக்டரியில் விமானங்களுக்குக் கழிவறை செய்கிற வேலை. பதிவுக்கு வந்தவர் புக்கரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பாட்டையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டாராம். நீதான் என்றாராம் புக்கர்.

3 மணி நேரப் பதிவு நான்கு என்று போட்ட திட்டம். சசெக்ஸ் என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பெனி, பணம் இழுபறி. மூன்றோடு முடித்துக்கொண்டார்கள், அதிலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் 6 மாசம் சும்மா கிடந்தது. லிண்டலோடு நின்ற வீடு மாதிரி, கம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டு.

5 மார்ச், இரவு 8.20

26 என்று எல்லாரும் எழுதுகிறார்களே, நீங்கள் எண்ணினீர்களா என்று கேள்வி கேட்டவர் மடக்குகிறார். நியாயம்தான். சமையலறையிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்து வந்து, ஒரு 'ஐ நோ'வுக்கு ஒரு கொட்டை என்று தள்ளி வைத்தேன். முதல் தடவை 24. இரண்டாம் தடவை 25 வரும்போது 'கேஸ்காரர் வந்திருக்கார், சில்லறை குடுங்க' என்று உள்ளேயிருந்து குரல். மூன்றாம் தடவை பாட்டைப் பாதி வேகத்தில் ஓட்டினேன். விதர்ஸ் குரல் டாஸ்மாக் வாசலில் கேட்கிற குரல் மாதிரி ஆகிவிட்டது, ஆனால் எண்ணிக்கை சரியாக 26.

5 மார்ச், இரவு 8.45

மறந்துவிட்டேன். இந்தப் பாட்டு என்னிடம் முதலில் வந்தது 2004-இல், காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் 30 ரூபாய்க்கு ரைட் பண்ணிக் கொடுத்த சிடியில். பாடியவர் பேர் பாப் மார்லி என்று போட்டிருந்தது. இரண்டு வருஷம் மார்லி என்றே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். அப்புறம் ஒருவர் அது மைக்கேல் ஜாக்சன் பாட்டு என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 1972-இல் ஜாக்சன் சின்னப் பையனாக இருந்தபோது இதைப் பாடியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் மணிக்கணக்கில் கத்திக்கொண்டோம். விதர்ஸ் பேர் ஒருவர் வாயிலும் வரவில்லை.

6 மார்ச், இரவு 11.10

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசனை. எனக்குத் திக்குவாய். விதர்ஸும் 28 வயது வரை திக்கிப் பேசியவர். அவரே பல இடங்களில் சொன்னதுதான், நான் கிளப்பிவிடவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். எனக்கு 'உ'வில் மாட்டிக்கொள்ளும். மூன்று பேர் முன்னால் வரும்போதே தொண்டை இறுக ஆரம்பித்துவிடும். வாத்தியார் ஒரு நொடி பார்ப்பார், ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். நான் அவர் கண்ணுக்கு நேராக இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

பஸ்ஸில் 'சிங்காநல்லூர்' என்று கேட்க வராது. அதைத் தாண்டி இருக்கிற 'ஒண்டிப்புதூர்' சுலபமாக வரும். அதனால் ஒண்டிப்புதூருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு சிங்காநல்லூரில் இறங்கிவிடுவேன். இப்படி என் 'சி'க்காகப் போக்குவரத்துக் கழகத்துக்கு எவ்வளவு கட்டியிருப்பேன் என்று கணக்குப் போட்டால் ஒரு நல்ல ஹெட்போன் வாங்கியிருக்கலாம்.

ஆனால் பாடும்போது எனக்குத் திக்காது. திக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதையேதான் சொல்வார்கள். லேத்தில் ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது தனியாகப் பாடுவேன், தண்ணீர் மாதிரி ஓடும். பேச்சில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு மனப்பாடம். இங்கே ஒருத்தன் அதையே 26 தடவை செய்கிறான், உலகமே உட்கார்ந்து கேட்கிறது. அதனால்தான் சோம்பல் என்றதும் சுருக்கென்றது. அது திக்குகிறவனின் பழிவாங்கல்.

8 மார்ச், காலை 6.40

பழிவாங்கல் என்று எழுதியதைப் படித்துவிட்டு என் நண்பர் போனில் ஒரே பிடி. 'உன் சட்டையைக் கொண்டுபோய் அவருக்கு மாட்டிவிடாதே' என்றார். சரிதான். அந்தப் பாட்டு பதிவாகும்போது விதர்ஸுக்குத் திக்கு நின்று நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. அதோடு, ஒரு எழுத்தில் மாட்டிக்கொள்வது வேறு, முழுச் சொல்லை உருட்டிக்கொண்டே போவது வேறு. இது எனக்கே தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? பழிவாங்கல் என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் விட மாட்டேன். திக்குகிறவன் வாயைத் திறக்கும் முன் வரியைத் தலைக்குள் ஓட்டிப் பார்ப்பான். எந்தச் சொல் வழிவிடும், எது வழிமறிக்கும் என்று பார்த்து மாற்றிக்கொள்வான். இந்த ஆல்பத்தில் வருகிற சொற்களைப் பாருங்கள். வீடு, கை, வெயில், அப்பா, குளிர். எல்லாம் மூன்று வயதுக் குழந்தை வாயில் வருகிற சொற்கள். வேண்டாதது ஒன்றுகூட இல்லை.

8 மார்ச், இரவு 10.05

'டூ இட் குட்' பாட்டைத் திரும்பக் கேட்டேன். இத்தனை வருஷம் தாண்டித் தாண்டிப் போனதற்கு என்னை நானே குட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுகிறார்! முன்பின் செய்யாத வேலைக்கு இங்கே வந்தேன், புக்கர் டி. என்னிடம், கவலைப்படாதே, நீ செய்வதைச் செய், நன்றாகச் செய் என்றார் என்று பேச்சாகவே சொல்கிறார். ஒரு தடுமாற்றம் இல்லை. பாடும்போது திக்காதது எனக்குப் பெரிய விஷயமில்லை. மைக் முன்னால், டேப் ஓடும்போது, பேசுகிறார் பாருங்கள். அதை மூன்று தடவை கேட்டேன்.

10 மார்ச், மதியம் 3.00

அட்டைப் படம் பற்றி யாரும் பேசவில்லையே. செங்கல் சுவர் ஓரமாக நிற்கிறார், கையில் சாப்பாட்டு டப்பா. போட்டோகிராபர் நார்மன் சீஃப் ஃபேக்டரிக்கே போய், சாப்பாட்டு நேரத்தில் எடுத்த படம். வேஷம் கட்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது அவர் தினமும் தூக்கிப்போன டப்பா. ஆல்பம் வந்த பிறகும் வேலையை விடவில்லை. பாட்டுத் தொழிலை நம்பிக் கைவேலையை விடுவதா என்று இருந்திருக்கிறார்.

எங்கள் பம்ப்செட் கம்பெனியில் தூக்குப்போசியைக் கொதிகலன் பக்கத்துச் சுவரில் வரிசையாக வைப்போம், மதியம் வரை சூடு நிற்கும். மூடியில் பெயிண்டால் டோக்கன் நம்பர் எழுதியிருக்கும். பாட்டு ஹிட்டாகும் என்று நம்பி எவனாவது அந்தப் போசியைத் தூக்கிப் போடுவானா? நானாக இருந்தாலும் மாட்டேன்.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' அமெரிக்கப் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது, 10 லட்சம் விற்றது. இசைத்தட்டுக் கம்பெனி அவருக்கு என்ன பரிசு கொடுத்தது தெரியுமா? தங்க நிறத்தில் ஒரு கழிவறை இருக்கை. இதைவிட நல்ல தொழிலாளர் விருதை நான் கேள்விப்பட்டதில்லை. எங்களுக்கு ஆயுத பூஜைக்கு அரைக் கிலோ பொரியும் ஒரு ஸ்டீல் தட்டும்.

10 மார்ச், மதியம் 3.20

இன்னொன்று. அந்தப் பாட்டை முதலில் யாரும் தூக்கிவிடவில்லை. இசைத்தட்டில் முன்பக்கம் 'ஹார்லெம்', இது பின்பக்கம். ரேடியோக்காரர்கள்தான் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். வரி இல்லாத பாட்டு, பின்பக்கத்துப் பாட்டு, அதுதான் 1972-இல் கிராமி வாங்கியது.

13 மார்ச், இரவு 9.30

கேள்வி கேட்டவர் ஆல்பத்தின் மற்ற பாட்டுகளில் ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னால் எது என்கிறார். 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்'. யோசிக்கவே வேண்டாம். இதுவும் இரண்டு நிமிடம்தான். முதலில் ஒரு முனகல், காலால் தரையைத் தட்டுகிற மாதிரி ஒரு ஓசை, அப்புறம் பாட்டியின் கைகள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தட்டின கை. ஓடாதே, கண்ணாடிச் சில்லு கிடக்கும், புல்லுக்குள் பாம்பு இருக்கும் என்று எச்சரித்த கை. சில நாள் வலித்து வீங்கின கை. அவருடைய பாட்டி லூலாவை நினைத்து எழுதியது. பாட்டியின் முகம், நிறம், உயரம் எதுவும் பாட்டில் இல்லை. கை மட்டும்.

என் அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி, பஞ்சு மில்லில் ரீலிங்கில் வேலை பார்த்தது. நூல் ஓடி ஓடி ஆள்காட்டி விரலில் குறுக்கே மூன்று கோடு வெட்டாக விழுந்திருக்கும். மழைக்காலத்தில் அது வெடித்துக்கொள்ளும், ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் எல்லாரும் நான் திக்க ஆரம்பித்ததும் மீதிச் சொல்லைத் தாங்களே சொல்லி முடித்துவிடுவார்கள். உதவி செய்கிறார்களாம். அம்மாயி மட்டும் சொல்லாது. 'அவசரமே இல்ல சாமி, மெதுவாச் சொல்லு' என்று அந்தக் கோடு விழுந்த விரலில் முறுக்கைப் பிடித்தபடி காத்திருக்கும். ஒருமுறை 'தண்ணி' என்று நான் கேட்டு முடிப்பதற்குள் முறுக்கை எறும்பு மொய்த்துவிட்டது என்று பிற்பாடு சொல்லிச் சிரிக்கும். எறும்பு விஷயம் கட்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பாட்டின் முதல் முனகலை வெட்டி எடுத்துத்தான் 1996-இல் 'நோ டிக்கிட்டி' என்று பிளாக்ஸ்ட்ரீட் குழு ஒரு குத்துப் பாட்டு போட்டது. என் மகனுக்கு அதுதான் தெரியும். அந்த முனகல் ஒரு பாட்டியைப் பற்றிய பாட்டிலிருந்து வந்தது என்றதும் நம்பவே மாட்டேன் என்றான்.

14 மார்ச், காலை 8.10

எல்லாப் பாட்டும் முத்து என்று நான் சொல்லவில்லை. 12-இல் இரண்டு மற்றவர்கள் எழுதியவை. 'எவ்ரிபடீஸ் டாக்கின்' பரவாயில்லை. பீட்டில்ஸின் 'லெட் இட் பி'யைத் தேவாலயக் கைதட்டலோடு பாடியிருக்கிறார், உற்சாகமாக இருக்கிறது, ஆனால் அவர் எழுதிய பாட்டுகளுக்கு நடுவில் விருந்தாளி மாதிரிதான் தெரிகிறது. 'ஐ'ம் ஹர் டாடி' அதற்கு நேர் எதிர். 6 வயதில் தனக்கொரு மகள் இருக்கிறாள் என்று இப்போதுதான் தெரியவந்த அப்பன், அவளைப் பற்றி அவளுடைய அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அதைக் கேட்டுவிட்டு நான் வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன்.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' வயலின்களை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று முன்பு ஒருவரிடம் வாதம் செய்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவை இருப்பதால்தான் 'ஐ நோ' வரும்போது அவை போவது தெரிகிறது.

17 மார்ச், இரவு 7.45

சி.எஸ்.ஐ. நண்பர் ஒருவர் நல்ல விஷயம் சொன்னார். 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்பது 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஞானப்பாட்டு ஒன்றின் முதல் வார்த்தைகளாம். நம் ஊர்த் தேவாலயங்களில் பாடும் 'நான் பாவிதான்' அதன் தமிழ்தானாம். சின்ன வயதில் பக்கத்துத் தெருவிலிருந்து அந்த மெட்டை எத்தனை ஞாயிறு கேட்டிருக்கிறேன். 'உள்ளபடியே நான்' என்று அர்த்தம் வருகிற அந்த ஆங்கிலத் தலைப்பின் கீழே டப்பாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள். தமிழில் இந்த ஆல்பத்துக்கு 'நான் பாவிதான்' என்று பேர் வைத்தால் எங்கள் ஃபோர்மேன் வாங்கியிருப்பார்.

17 மார்ச், இரவு 8.00

32 வயதில் எப்படிப் பாட வந்தார் என்ற கேள்விக்கு: ஓக்லண்டில் ஒரு கிளப்பில் லூ ரால்ஸ் பாட வருவதற்குத் தாமதமாகியிருக்கிறது. முதலாளி, வாரம் 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வரத் தெரியவில்லை என்று புலம்பினாராம். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற விதர்ஸுக்குச் சம்பளம் மணிக்கு 3 டாலர். அடகுக் கடைக்குப் போய் ஒரு மலிவு கிட்டார் வாங்கினார். கலை, ஆன்மா, தாகம் எல்லாம் அப்புறம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

21 மார்ச், இரவு 10.30

கடைசிப் பாட்டு 'பெட்டர் ஆஃப் டெட்' பற்றி எச்சரிக்காமல் விட்டது என் தப்பு. குடியால் மனைவியும் பிள்ளைகளும் பிரிந்துபோனவன் பாடுகிறான், முடிவில் துப்பாக்கிச் சத்தம், ஆல்பம் முடிந்தது. கேள்வி கேட்டவர் ராத்திரி தனியாகக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டதாம். மன்னிக்கவும்.

அதற்குப் பரிகாரமாக 'ஹோப் ஷீ'ல் பி ஹேப்பியர்' கேளுங்கள். 1974-இல் ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரில், குத்துச்சண்டையில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதவிருந்த சமயத்தில் ஒரு பெரிய இசை விழா நடந்தது. ஜேம்ஸ் பிரவுன் மாதிரி ஆட்கள் மேடையை அதிர வைத்த இடம். அங்கே இவர் ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து இதைப் பாடியிருக்கிறார். வீடியோ கிடைக்கிறது. வேர்த்து ஊற்றுகிறது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

24 மார்ச், மாலை 5.15

கேள்வி கேட்டவர் முழு ஆல்பத்தையும் கேட்டு முடித்துவிட்டார். அவருக்குப் பிடித்தது 'ஹார்லெம்'. சுருதி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே போவது பிடித்ததாம். எனக்கும்தான். 'ஐ நோ' மட்டும் இன்னும் நீளம் என்கிறார், 12-இல் நிறுத்தியிருக்கலாமாம். அதையும் முயன்று பார்த்தேன், இன்று லேத் முன்னால். 12 என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே பாடினால் நிறுத்த முடியவில்லை, எண்ணாமல் பாடினால் எங்கே நின்றேன் என்று தெரியவில்லை. பக்கத்து மெஷின்காரர் 'என்னண்ணா தெரியும்?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

எண்ணின புளியங்கொட்டையை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மத்தியானம் பிள்ளைகள் தாயம் விளையாட எடுத்துப் போயிருக்கிறார்கள். 25தான் திரும்பி வந்தது.